இருபதாம் வாரத்து நிழல்

வயிற்றிலுள்ள சிசுவை ஒலியலைகளாற் காணும் முறையை 1958இல் கிளாஸ்கோ வைத்தியர் இயன் டொனால்டும் அவர்தம் குழுவினரும் வெளியிட்டனர். காணாத காலத்தில் இக்கவலையும் இருந்ததில்லை.

எம் மனைவியின் இருபதாம் வாரத்து ஸ்கானில், சிசுவின் மூளையிற் சிறு நீர்க்கட்டி தென்பட்டது. ‘மூளை’ என்ற சொல்லுக்கப்பால் எதுவும் எம் செவியில் ஏறவில்லை. மறுநாள் வினாக்களைத் தாளில் எழுதிச் சென்று கேட்டோம். மூளையைச் சூழும் நீரைச் சுரக்கும் பின்னலில் தோன்றும் கட்டி அது. நூறு கருக்களில் ஒன்றிரண்டிற் காணப்படும். வேறு குறையில்லையெனில் பெரும்பாலும் 28ஆம் வாரத்துக்குள் மறையும் என்றார் வைத்தியர்.

“கிரகணத்தில் வெளியே போனாளோ?” என்று வினவிய உறவினரை வாசலோடு அனுப்பினோம்.

எட்டு வாரங்கள் அவள் சரியாக உறங்கவில்லை. பிள்ளை அசையும்போதெல்லாம் எம் கையை இழுத்துத் தன் வயிற்றில் வைப்பாள். 28ஆம் வாரத்திற் கட்டி இல்லை. அவள் படத்தைப் பார்க்கவேயில்லை. வைத்தியரின் முகத்தையே பார்த்திருந்தாள்.