ஓட முடியாதவர்களுக்காக ஓடுவது கூடுமா?



"நோயாளிக்கு உதவ வேண்டுமென்றால் கையில் உள்ளதைக் கொடுத்துவிட்டுப் போகலாமே! அதற்காக ஏன் ஓட வேண்டும்? இதெல்லாம் மார்க்கத்தில் கூடுமா, மௌலவி?" இரண்டு மாதங்களாக என்னை விடாமல் துரத்தும் கேள்வி இது. கேட்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஒவ்வொரு வாசற்படியிலும் நின்று பதில் சொல்வதைவிட ஒருமுறை எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது.

விஷயம் இதுதான். கொக்கிளாய்க் களப்பு கடலோடு கலக்கும் முகத்துவாரத்துக்கு வடக்கே கொக்கிளாய். தெற்கே நமது புல்மோட்டை. இரு கரையிலும் உள்ள வாலிபர்கள் சிலர் ஒருநாள் சுபஹுக்குப் பின் கொக்கிளாய்க் கடற்கரையில் ஓடத் தீர்மானித்திருக்கிறார்கள். ஒவ்வொருவரும் தன் உறவினரிடமும் தெரிந்தவர்களிடமும், 'நான் இவ்வளவு தூரம் ஓடினால் நீங்கள் இவ்வளவு தருவீர்களா?' என்று வாக்கு வாங்குவது; சேரும் பணத்தை இயக்க நரம்பு நோய் எனப்படும் ஒரு நோய்க்காகக் கொடுப்பது. டாக்டர்கள் இதனை ஏ.எல்.எஸ். என்றும் சொல்வார்கள்.

கொக்கிளாய் வாடியில் மீன் எடுத்து விற்கும் ஒரு சகோதரரின் மனைவிக்கு இந்த நோய் வந்திருக்கிறது. முதலில் சோற்றுப் பானை கையிலிருந்து நழுவியது. பிறகு நடக்கும்போது காலில் இருந்த செருப்பு அவருக்குத் தெரியாமலே கழன்று போனது. அதன்பின் நாக்குத் தடித்து, ஓதும்போது எழுத்துகள் பிசகின. ஊர் என்ன சொல்லும்? சூனியம் என்றது. கண்ணேறு என்றது. தண்ணீர் ஓதி, நூல் கட்டி, வீட்டிலிருந்த நகையும் போன பிறகுதான் நரம்பு டாக்டரிடம் போனார்கள்.

சகோதரிகளே! இதைக் கவனமாக வாசியுங்கள். மூளையிலும் முதுகுத் தண்டிலும் இருந்து தசைகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாக மடிந்து போவதே இந்த நோய். கட்டளை வராத தசை மெலிந்து சூம்பிப் போகிறது. கை, கால், நாக்கு, தொண்டை, கடைசியில் மூச்சு வாங்கும் தசை. ஆனால் தொட்டால் தெரியும், காது கேட்கும், கண் பார்க்கும். சிலருக்கு சிந்தனையிலும் மாற்றம் வருவதுண்டு என்றாலும், பெரும்பாலானோருக்கு அறிவு தெளிவாகவே இருக்கும். இது தொற்றும் நோயல்ல. நோயாளியின் கோப்பையில் தண்ணீர் குடிப்பதால் யாருக்கும் வராது. பத்துப் பேரில் ஒருவருக்குப் பரம்பரையாக வருகிறது. மற்றவர்களுக்கு ஏன் வருகிறதென்று வைத்திய உலகம் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது. அநேகர் நோய் தொடங்கி இரண்டிலிருந்து ஐந்து வருடங்களுக்குள் மௌத்தாகிவிடுகிறார்கள். விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங் 1963ல் இந்த நோய் கண்டும் 2018 வரை வாழ்ந்தது மிக அபூர்வம். 1995ல் அனுமதி பெற்ற ரிலுசோல் என்ற மாத்திரை ஆயுளைச் சில மாதங்கள் நீட்டுகிறது. பரம்பரையாக வருவதில் ஒரு சிறு பிரிவினருக்கு மட்டும் உதவும் டோஃபர்சென் என்ற மருந்துக்கு 2023ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. முழுமையாகக் குணப்படுத்தும் மருந்து இன்னும் வரவில்லை.

அந்தத் தாயின் மகள் என்னிடம் கேட்டாள்: "மௌலவி, உம்மாவால அசையவே ஏலாது. உம்மாவுக்குத் தொழுகை இருக்கா?" இருக்கிறது மகளே, என்றேன். நின்று முடியாதவர் இருந்து, இருந்து முடியாதவர் படுத்து, தலையசைக்கவும் முடியாதவர் இமையசைத்து, அதுவும் முடியாவிட்டால் மனதால் தொழுகையை நடத்த வேண்டும் என்பது நமது ஷாபி மத்ஹபின் சட்டம். அறிவு இருக்கும்வரை தொழுகை நீங்காது. இதைக் கேட்டதும் அந்தத் தாயின் கண்கள் நிறைந்துவிட்டன. தன்னை எல்லோரும் கணக்கிலிருந்து எடுத்துவிட்ட பிறகு, ஒரு கடமை மட்டும் தன்னை இன்னும் ஆளாக மதிக்கிறதே என்ற நிறைவோ என்னவோ!

இனி ஓட்டத்துக்கு வருவோம். எங்கள் பகுதியில் இந்தச் சொல்லுக்கே வேறு அர்த்தம் உண்டு. 1984ன் கடைசியில் கொக்கிளாய்த் தமிழ் மக்கள் ஊரை விட்டு ஓடினார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் விரட்டப்பட்டு ஓடினார்கள். அந்தக் கூட்டத்தில் உம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நடந்த பிள்ளைகளில் நானும் ஒருவன். 2004ல் கடல் துரத்த ஓடினோம். 2009ல் வன்னியே ஓடியது. ஆகவே இந்தச் செய்தி காதில் விழுந்ததும் ஒரு மூதாட்டி, "ஓடினது காணாதா மௌலவி எங்களுக்கு?" என்று கேட்டதில் ஆச்சரியமில்லை. யாரும் துரத்தாமல் மனிதன் ஓடுவதை அவர் வாழ்நாளில் அதிகம் கண்டதில்லை.

ஆனால் யாரும் துரத்தாமல் இதே வன்னி வழியாக நடந்தவர்களும் உண்டு. 2011 ஜூலையில் நேதன் சிவகணநாதன், சரிந்த உனம்புவே என்ற இரு நண்பர்கள், ஒருவர் தமிழர், மற்றவர் சிங்களவர், தெற்கே தேவேந்திர முனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை 670 கிலோமீற்றர் தூரத்தை 27 நாட்களில் நடந்து முடித்தார்கள். வவுனியாவையும் கிளிநொச்சியையும் கடந்துதான் போனார்கள். யுத்தம் ஓய்ந்து இரண்டே வருடம். யாழ்ப்பாணம் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை கட்டப் பணம் சேர்ப்பதே அந்த நடையின் நோக்கம். அது நிறைவேறியது. 2016ல் எதிர்த்திசையாக, பருத்தித்துறையிலிருந்து தெற்கே, காலி கராப்பிட்டிய வைத்தியசாலைக்காக மீண்டும் நடந்தார்கள். வடக்கு நோயாளிக்குத் தெற்கிலிருந்தும், தெற்கு நோயாளிக்கு வடக்கிலிருந்தும் நடை! நம் வாலிபர்களுக்கு இந்த எண்ணம் வந்ததும் இந்தச் செய்தியை வாசித்துத்தான்.

இயக்க நரம்பு நோய்க்காகவே ஓடியவரும் இருக்கிறார். இங்கிலாந்தில் ரொப் பரோ என்ற ரக்பி வீரருக்கு 2019 டிசெம்பரில் இந்த நோய் கண்டது. ஒரு வருடம் கழித்து அவருடைய பழைய அணித் தலைவர் கெவின் சின்ஃபீல்ட், ஏழு நாட்களில் ஏழு மரதன் ஓடினார். ஒரு மரதன் 42 கிலோமீற்றருக்கும் அதிகம் என்பதை நினைத்துப் பாருங்கள். பரோவின் சட்டை இலக்கம் ஏழு. எனவே 77,777 பவுண் சேர்ந்தால் போதும் என்று தொடங்கினார். சேர்ந்ததோ இருபது லட்சத்துக்கும் மேல். 2023 மே மாதம் லீட்ஸ் நகர மரதனில், நண்பரைச் சக்கர நாற்காலியில் வைத்து முழுத் தூரமும் தள்ளிக்கொண்டே ஓடி, முடிவுக் கோட்டுக்கு முன் அவரைத் தூக்கிச் சுமந்துகொண்டு கோட்டைத் தாண்டினார். பரோ 2024 ஜூன் மாதம் இறந்தார்.

2014ல் தலையில் ஐஸ் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் கூத்து ஒன்று உலகெங்கும் நடந்ததே, அதுவும் இந்த நோய்க்காகத்தான். குடிநீருக்காகக் குடம் சுமக்கும் நமக்கு அது இஸ்ராஃப் என்றே தோன்றும். எனக்கும் அது பிடிக்கவில்லை. ஆனாலும் உண்மையை மறைக்கக்கூடாது. அதனால் அமெரிக்கச் சங்கம் ஒன்றுக்கு மட்டும் 11.5 கோடி டொலர் கிடைத்தது. அந்தப் பணத்தின் உதவியோடு நடந்த ஆராய்ச்சியில் 2016ல் இந்த நோயோடு தொடர்புடைய ஒரு மரபணு கண்டுபிடிக்கப்பட்டது.

சரி, மார்க்கம் என்ன சொல்கிறது? ஓடுவது கூடும். நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடியதும், ஒருமுறை அன்னையும் பின்னொருமுறை நபியவர்களும் முந்தியதும் அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. கவனிக்க வேண்டியது பணத்தை. ஓடுபவர்கள் எல்லோரும் நுழைவுப் பணம் கட்டி, வென்றவர் அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டால் அது சூது, ஹராம். கட்டும் பணம் முழுவதும் நோயாளிக்குப் போனால் அது ஸதகா. இங்கே யாரும் தோற்பதில்லை. ஸகாத் பணத்தை இதற்குக் கொடுக்க வேண்டாம். அதற்குக் குர்ஆன் எட்டுக் கூட்டத்தாரைக் குறித்திருக்கிறது; வறிய நோயாளிக்கு நேரடியாகக் கொடுப்பது அதில் அடங்கும், ஆராய்ச்சிக்கூடம் அடங்காது. பெண்கள் சேரலாமா என்றால், மதில் உள்ள பாடசாலை மைதானத்தில், பெண்கள் மட்டுமாக நடக்கட்டும். பெயர் வாங்குவதற்காக ஓடுகிறானே என்று பிறரைப் பார்த்துச் சொல்பவர்கள், நிய்யத்தைப் பார்க்கும் வேலையை அல்லாஹ்விடம் விட்டுவிடுங்கள்.

"கொடுத்துவிட்டுப் போகலாமே, ஏன் ஓட வேண்டும்?" என்ற கேள்விக்கு என் பதில் அன்னை ஹாஜரா (அலை) அவர்கள்தான். நடக்கவும் பேசவும் தெரியாத பச்சைப் பிள்ளை தாகத்தால் துடிக்க, தாய் ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஏழு தடவை ஓடினார். கணக்குப் பார்த்தால் மூன்று கிலோமீற்றருக்கும் சற்று அதிகம். தண்ணீர் அவர் ஓடிய பாதையிலா வந்தது? இல்லை, பிள்ளையின் காலடியில் வந்தது. ஓட்டம் தண்ணீரைக் கண்டுபிடிக்கவில்லை. என்றாலும் அந்த ஓட்டத்தை அல்லாஹுத்தஆலா ஹஜ்ஜின் கடமையாக்கி, இன்றுவரை இலட்சக்கணக்கானவர்களை ஓட வைக்கிறான். கொக்கிளாய் மணலில் ஓடும் பையன் மருந்து கண்டுபிடிக்கப் போவதில்லை. மருந்து எங்கோ ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில், அவன் பெயரே தெரியாத ஒருவர் கையில் வரலாம். எந்த நோயையும் அதற்குரிய நிவாரணமில்லாமல் அல்லாஹ் இறக்கவில்லை என்பது நபிமொழியின் கருத்து. நிவாரணம் இருக்கிறதென்றால் தேடுவது யார் பொறுப்பு? இந்த நோயாளிகளால் ஊர்வலம் போக முடியாது. வாய் திறந்து கேட்கவும் முடியாது. மற்ற நோய்களில் பிழைத்தவர்கள் எழுந்து வந்து பேசுகிறார்கள். இதில் பேசுவதற்குப் பிழைத்து வருபவர் இல்லை.

பணத்தைப் பற்றிச் சபையில் பெரிய வாதம் நடந்தது. வீட்டில் ஒருவர் கிடக்கும்போது வெளிநாட்டு ஆராய்ச்சிக்கு அனுப்புவதா என்று சிலர் கோபப்பட்டார்கள். அது நியாயமான கோபம். படுக்கைப் புண் வராமல் காற்று மெத்தை வேண்டும். தொண்டையில் தேங்கும் எச்சிலை உறிஞ்சும் கருவி வேண்டும். இரவில் மூச்சுக்கு உதவும் இயந்திரத்தின் விலையோ ஒரு மீன் வியாபாரியின் கைக்கு எட்டாதது. முதற்பங்கு இதற்கு, மிஞ்சுவது ஆராய்ச்சிக்கு, இரண்டின் கணக்கும் பள்ளிவாசல் பலகையிலும் கொக்கிளாய்ச் சங்கத்திலும் ஒட்டப்பட வேண்டும் என்று சொன்னேன். ஒப்புக்கொண்டார்கள். ஒரு பங்கு அவருடைய மகளுக்கும் இருக்க வேண்டும் என்பது என் மனைவியின் கருத்து. ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு இரண்டு வருடமாக உம்மாவின் தலைமாட்டை விட்டு நகராத பிள்ளை அவள். வாரத்தில் இரண்டு பின்நேரமாவது வேறு பெண்கள் முறை வைத்துப் போய் இருந்தால் அதுவும் ஸதகாதான். அதற்குக் காசும் தேவையில்லை.

ஓட்டத்தை டிசெம்பர் விடுமுறையில் வைக்க நினைத்திருந்தார்கள். அதற்கு முன், யாருக்காக ஓடுகிறார்களோ அவரிடம் கேட்க வேண்டாமா? மகளைத்தான் கேட்கச் சொன்னோம். அவர்களுக்குள் ஒரு முறை இருக்கிறது. மகள் க, ங, ச என்று வரிசையாகச் சொல்வாள். வேண்டிய எழுத்து வந்ததும் தாய் இமையை மூடுவார். பிறகு அ, ஆ, இ என்று சொல்வாள், மறுபடி இமை. இப்படி ஒவ்வோர் எழுத்தாகச் சேர்க்க வேண்டும். அன்று கால் மணி நேரம் பிடித்தது. முழுதாக வந்தது இவ்வளவுதான்: "மாரிக்கு முதல் வையுங்கோ. பிள்ளைகள் நனையும்."

செப்டெம்பருக்கு மாற்றியிருக்கிறார்கள்.