ரெஃப்யூஜியா, மைக்ரண்டா?

ஆங்கிலச் செய்திகளில் மாறி மாறி வரும் இரண்டு சொற்கள் ரெஃப்யூஜி, மைக்ரண்ட். ஒரே படகில் வந்து இறங்கியவர்களை ஒரு நாளிதழ் முதல் சொல்லால் குறிக்கும். இன்னொன்று இரண்டாவதால் குறிக்கும். ஊரை விட்டு வந்தவர்கள்தானே, எப்படிச் சொன்னால் என்ன என்று தோன்றலாம். ஆனால் எந்தச் சொல் ஒட்டப்படுகிறது என்பதைப் பொறுத்து, ஒருவர் தங்கலாமா, திருப்பி அனுப்பப்படுவாரா என்பதே மாறிவிடும்.

மைக்ரண்ட் என்ற சொல், இடம்பெயர்தலைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஏன் பெயர்ந்தார் என்று அது சொல்வதில்லை. வேலைக்குப் போனவரும் மைக்ரண்ட்தான். ரெஃப்யூஜி பிரெஞ்சிலிருந்து வந்தது. 1685-ல் பதினான்காம் லூயி மன்னர் புராட்டஸ்டன்ட் மக்களுக்கு இருந்த வழிபாட்டு உரிமையைப் பறித்தபோது, ஹியூகனாட்டுகள் எனப்பட்ட அவர்களில் பலர் இங்கிலாந்துக்குத் தப்பி ஓடினார்கள். அவர்களைக் குறிக்கத்தான் இந்தச் சொல் ஆங்கிலத்தில் புழக்கத்துக்கு வந்தது. ஆக, இதற்குள் ஒரு துரத்தல் ஒளிந்திருக்கிறது.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1951-ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கைப்படி இனம், மதம், தேசியம், அரசியல் கருத்து, ஒரு குறிப்பிட்ட சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல் ஆகிய காரணங்களுக்காகத் துன்புறுத்தப்படுவோம் என்ற நியாயமான அச்சத்தால் சொந்த நாட்டுக்கு வெளியே இருப்பவரே ரெஃப்யூஜி. அவரை ஆபத்துள்ள இடத்துக்குத் திருப்பி அனுப்பக்கூடாது. மைக்ரண்டுக்கு இப்படி உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட சட்ட வரையறை எதுவும் கிடையாது.

சரி, வழக்கில் எப்படி? 2005-ல் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸ் நகரை மூழ்கடித்தபோது, வீடிழந்தவர்களைச் சில ஊடகங்கள் ரெஃப்யூஜி என்றன. அவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். சொந்த நாட்டுக்காரர்களை அந்நியர்போல் அழைப்பதா என்று கடும் எதிர்ப்பு கிளம்பியது. சில நாளிதழ்கள் அந்தச் சொல்லைக் கைவிட்டு, வெளியேற்றப்பட்டவர் என்று பொருள்படும் இவாக்யூயி என்ற சொல்லுக்கு மாறின. பத்து வருடம் கழித்து நேர்மாறாக நடந்தது. 2015-ல் 10 லட்சத்துக்கும் அதிகமானோர் கடல் வழியாக ஐரோப்பாவை அடைந்தார்கள். சிரியா, ஆப்கானிஸ்தான், ஈராக் போர்களிலிருந்து தப்பியவர்களே அதிகம். அவர்களை மைக்ரண்ட் என்பது போரை மறைக்கிறது என்று சொல்லி, அல் ஜசீரா ஆங்கிலச் சேவை அந்தச் சொல்லைத் தவிர்க்க முடிவு செய்தது. முன்பு அவமானமாகப் பட்ட அதே சொல், இங்கே உரிமையாகக் கேட்கப்பட்டது.

தமிழில் இரண்டும் இன்னும் தெளிவாகப் பிரிகின்றன: அகதி, புலம்பெயர்ந்தவர். ஆனால் ஒரு வேடிக்கை. ஆங்கிலச் சொல்லின் உள்ளே 'புகலிடம்' இருக்கிறது. தமிழ்ச் சொல்லின் உள்ளே 'கதி இல்லை' இருக்கிறது. அதனால்தானோ என்னவோ, 2021-ல் தமிழக அரசு இலங்கைத் தமிழர் அகதிகள் முகாம்களின் பெயரை மறுவாழ்வு முகாம்கள் என்று மாற்றியது.

பெயர் மாறினால் போதுமா? இந்தியா 1951 உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. 1983-லிருந்து இலங்கையில் நடந்த வன்முறைக்கும் போருக்கும் தப்பிப் படகேறி வந்தவரை ஊர் அகதி என்கிறது. ஆனால் 2003-ல் திருத்தப்பட்ட குடியுரிமைச் சட்டம், உரிய ஆவணம் இல்லாமல் வந்த வெளிநாட்டவரை 'இல்லீகல் மைக்ரண்ட்' என்கிறது. 2019-ல் சட்டம் சிலருக்கு விலக்கு தந்தபோது, அந்த நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. பெற்றோரில் ஒருவர் அந்த வகைக்குள் வந்தாலும், 2004 டிசம்பருக்குப் பிறகு இங்கே பிறந்த பிள்ளைக்குப் பிறப்பால் குடியுரிமை கிடையாது.

அந்தப் பிள்ளை எந்தக் கடலையும் கடக்கவில்லை. எங்கிருந்தும் ஓடி வரவுமில்லை. இரண்டு சொல்லுமே அதற்குப் பொருந்தாது. ஆனாலும் அதன் வாழ்க்கை இந்த இரண்டு சொற்களுக்கு நடுவில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது.