"வந்ததுக்கு நன்றி... ஆனா ஏன் போகலை?" - புனோம் பென் நகரில் ஒரு டுக் டுக் பயணம்

கம்போடியாவுக்குப் போகிறேன் என்றதும் வீட்டில் எல்லாரும் பேசியது அங்கோர்வாட் பற்றித்தான். "சூரியவர்மன் கட்டின கோயிலாச்சே, போட்டோ நிறைய எடுத்துட்டு வா" என்றார் அம்மா. நானும் அதற்காகத்தான் டிக்கெட் போட்டேன். கோயில் இருக்கும் சியம் ரீப் ஊருக்கு பஸ் ஏறுவதற்கு முன், தலைநகர் புனோம் பென்னில் ஒரு நாள் கையில் இருந்தது. அந்த ஒரு நாள்தான் இந்தக் கட்டுரை.

அதற்கு முன் ஒரு டிபன் பாக்ஸ் கதை. இதழியல் டிப்ளமோ படித்தபோது ஒரு பேச்சுப்போட்டி. 'ஒரு நாட்டின் ராணுவம் இன்னொரு நாட்டுக்குள் நுழைவது எந்தச் சூழலிலும் நியாயமாகாது' என்று பேசி முதல் பரிசாக எவர்சில்வர் டிபன் பாக்ஸ் வாங்கினேன். இன்றும் ஆபீஸுக்கு அதில்தான் சாப்பாடு கொண்டுபோகிறேன். அன்று பேசிய ஒவ்வொரு வரியையும் நம்பித்தான் பேசினேன்.

பள்ளிக்கூடம் சிறையான கதை

காலையில் ஏறிய டுக் டுக்கின் டிரைவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். உடைந்த ஆங்கிலம், நிறைய சிரிப்பு. 'துவோல் ஸ்லெங்' என்றதும் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தலையை ஆட்டினார்.

நகரத்துக்கு நடுவே, வீடுகளும் காபிக் கடைகளும் உள்ள தெருவில் இருக்கிறது அந்த வளாகம். மூன்று மாடிக் கட்டடங்கள், நடுவில் புல்வெளி, பூத்து நிற்கும் மரங்கள். பார்த்தவுடனே பள்ளிக்கூடம் என்று தெரியும். 1975 வரை அது பள்ளிக்கூடம்தான். கெமர் ரூஜ் படை ஆட்சியைப் பிடித்த பிறகு, 'எஸ்-21' என்ற ரகசியச் சிறை ஆனது. அதை நடத்திய டூச், அதற்கு முன் கணக்கு வாத்தியார்.

வகுப்பறைகளில் இப்போது இரும்புக் கட்டில்கள் கிடக்கின்றன. வராந்தாவில் முள்கம்பி வலை. கைதிகள் மாடியிலிருந்து குதித்து உயிரை விட்டுவிடக் கூடாது என்பதற்காகக் கட்டியது. அடுத்த கட்டடத்தில் சுவர் முழுக்கக் கைதிகளின் கறுப்பு வெள்ளைப் படங்கள். இளைஞர்கள், பாட்டிகள், கைக்குழந்தையோடு ஓர் அம்மா. உள்ளே போன 12,000-க்கும் அதிகமானவர்களில் உயிரோடு வெளியே வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் ஒருவர் ஓவியர் வான் நாத். ஆட்சித் தலைவர் போல் பாட்டின் படத்தை வரையத் தெரிந்ததால் பிழைத்தார். பிறகு, தான் அங்கே கண்டதையெல்லாம் வரைந்துவைத்தார்.

முற்றத்தில் 14 வெள்ளைக் கல்லறைகள். 1979 ஜனவரியில் சிறை திறக்கப்பட்டபோது உள்ளே கிடந்த கடைசி 14 பேருடையவை.

திறந்தது யார்? வியட்நாம் ராணுவம். எல்லை தாண்டி, அனுமதி கேட்காமல் வந்த அந்நிய ராணுவம். 14 கல்லறைகளுக்கு முன் நின்றபோது எனக்கு என் டிபன் பாக்ஸ் ஞாபகம் வந்தது.

யார் வந்தார்கள், எதற்கு வந்தார்கள்?

கொஞ்சம் வரலாறு. பக்கத்து நாடான வியட்நாமில் போர் நடந்த காலத்தில், 1969 முதல் 1973 வரை அமெரிக்க விமானங்கள் கம்போடியா மீது குண்டு மழை பொழிந்தன. ஆரம்பத்தில் அது அமெரிக்க மக்களுக்கே மறைக்கப்பட்டது. வயலையும் வீட்டையும் இழந்தவர்களின் கோபம் கெமர் ரூஜுக்கு ஆள் சேர்த்துக் கொடுத்தது. 1975 ஏப்ரல் 17-ல் புனோம் பென்னைப் பிடித்த அந்தப் படை, "அமெரிக்கா குண்டு போடப் போகிறது, சில நாள்தான், கிளம்புங்கள்" என்று சொல்லியே மொத்த நகரத்தையும் காலி செய்தது. சில நாள் என்பது கிட்டத்தட்ட நான்கு வருடங்கள் ஆனது. பட்டினி, நோய், கட்டாய உழைப்பு, கொலை. நாட்டில் சுமார் நான்கில் ஒருவர் இறந்துபோனார்.

1978 டிசம்பர் 25-ல் வியட்நாம் படை உள்ளே நுழைந்தது. இரண்டே வாரத்தில், 1979 ஜனவரி 7-ல் புனோம் பென் விழுந்தது. கம்போடிய மக்களைக் காப்பாற்ற வந்ததாகக்கூட வியட்நாம் அப்போது வாதாடவில்லை. கெமர் ரூஜ் எல்லை தாண்டி வந்து வியட்நாம் கிராமங்களில் படுகொலை செய்துகொண்டிருந்தது. பா சுக் என்ற ஊரில் மட்டும் 3,000 பேருக்கு மேல் கொன்றது. தற்காப்புக்காகத்தான் வந்தோம் என்றது வியட்நாம்.

உலகம் என்ன சொன்னது? 1979 செப்டம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் வாக்கெடுப்பு. கம்போடியாவின் இருக்கை விரட்டப்பட்ட கெமர் ரூஜுக்கே என்று 71 நாடுகள் வாக்களித்தன. எதிர்த்தவை 35, ஒதுங்கி நின்றவை 34.

கேட்கும்போது ரத்தம் கொதிக்கிறது, இல்லையா? ஆனால், அப்படி வாக்களித்த சிறிய நாடுகளுக்கு நிஜமான பயமும் இருந்தது. 'மோசமான அரசு' என்று சொல்லிப் பெரிய அண்டை நாடு ஒன்று உள்ளே வரலாம் என்றால், நாளைக்கு யார் வீட்டுக் கதவுக்குப் பூட்டு இருக்கும்?

இந்தியா வேறு முடிவெடுத்தது. வியட்நாம் அமைத்த ஹெங் சம்ரின் அரசை 1980-ல் அங்கீகரித்தது. அந்த நட்பில்தான் 1986 முதல் 1993 வரை இந்தியத் தொல்லியல் துறையினர் அங்கோர்வாட்டில் சீரமைப்புப் பணி செய்தார்கள். அம்மா போட்டோ கேட்ட அதே கோயில்!

ஒரே வீட்டில் இரண்டு பதில்கள்

மாலையில் அரண்மனைக்குப் பக்கத்தில் உள்ள போட்டும் பூங்காவுக்குப் போகச் சொன்னேன். அங்கே 1979-ல் எழுப்பிய கம்போடியா - வியட்நாம் நட்புச் சின்னம் இருக்கிறது. இரண்டு நாட்டுச் சிப்பாய்கள், அவர்களுக்கு முன்னால் குழந்தையை ஏந்திய ஒரு பெண். 1998-ல் போராட்டக்காரர்கள் இதைச் சுத்தியலால் அடித்து, பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தினார்கள்.

"ஏன் கொளுத்தினாங்க? காப்பாத்தினவங்கதானே?" என்று டிரைவரிடம் கேட்டேன்.

கரும்பு ஜூஸை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார். "எங்கம்மாவுக்கு ஜனவரி 7 இன்னொரு பிறந்தநாள் சிஸ்டர். அன்னைக்குத்தான் வயிறு நிறையச் சோறு சாப்பிட்டேன்னு சாகுற வரைக்கும் சொன்னாங்க. எங்கண்ணன் கதை வேற. சில வருஷம் கழிச்சு, எல்லையில காடு வெட்டணும்னு கட்டாயமாக் கூட்டிட்டுப் போனாங்க. கண்ணிவெடியில ஒரு கால் போச்சு. வந்ததுக்கு நன்றி, ஆனா ஏன் போகலைன்னு அவர் கேட்பாரு."

வியட்நாம் படை முழுதாக வெளியேறியது 1989 செப்டம்பரில்தான். பத்து வருடங்களுக்கும் மேல். 'நாங்கள் போனால் கெமர் ரூஜ் திரும்பி வரும்' என்பது அவர்களின் பதில். அது வெறும் சாக்கு இல்லை. தாய்லாந்து எல்லையில் கெமர் ரூஜ் ஆயுதத்தோடு காத்திருந்தது. சீனாவின் உதவியும் இருந்தது. ஆனால், அந்தப் பத்து வருடங்களில் யார் ஆள வேண்டும் என்று கம்போடிய மக்களை யாரும் கேட்கவில்லை என்பதும் உண்மை. பல கட்சிகள் போட்டியிட்ட தேர்தல், ஐ.நா. மேற்பார்வையில் 1993-ல்தான் நடந்தது.

எனக்கு ஒன்று புரிந்தது. ராணுவம் நுழைந்தது சரியா என்பது ஒரு கேள்வி. தங்கியது சரியா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு அந்த 14 கல்லறைகளுக்கு முன் நின்றுகொண்டு 'தவறு' என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஒரு மாதம் முன்னதாக வந்திருக்கக் கூடாதா என்றுதான் தோன்றியது. ஆனால் அந்த நியாயத்தை வைத்துக்கொண்டு எத்தனை வருடம் வேண்டுமானாலும் உட்கார முடியாது. அந்த அண்ணனின் காலுக்கு அதில் பதில் இல்லை.

போகிறவர்களுக்கு...

இந்தியர்களுக்கு இ-விசா உண்டு. துவோல் ஸ்லெங்கில் தோளும் முழங்காலும் மறையும் உடை அவசியம். ஒலி வழிகாட்டியை மறக்காமல் வாங்குங்கள். சின்னக் குழந்தைகளைக் கூட்டிப்போக வேண்டாம். நகருக்கு வெளியே, கைதிகளைக் கொண்டுபோய்க் கொன்ற சோயுங் ஏக் வயலும் இருக்கிறது. இரண்டையும் யுனெஸ்கோ 2025-ல் உலகப் பாரம்பர்யச் சின்னங்களாக அறிவித்தது. ஒரே நாளில் இரண்டையும் பார்ப்பது மனதுக்குக் கஷ்டம்.

இருட்டியதும் பூங்காவில் பாட்டு போட்டு, பெண்கள் வரிசையாக நின்று ஏரோபிக்ஸ் ஆட ஆரம்பித்தார்கள். டிரைவர் ஹோட்டல் வாசலில் இறக்கிவிட்டு, "நாளைக்கு அங்கோரா? சந்தோஷமாப் போயிட்டு வாங்க சிஸ்டர்" என்றார்.

அதே தலைப்பில் இன்று பேசச் சொன்னால், 'எந்தச் சூழலிலும்' என்ற இரண்டு வார்த்தைகளை எடுத்துவிட்டுத்தான் பேசுவேன். பரிசு கிடைக்குமா என்று தெரியவில்லை.