பேசாத பிள்ளையைப் பார்ப்பது

அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டிய அங்கன்வாடிகளில் ஒடிசா, பீகார்ப் பிள்ளைகள் நிறைய. தமிழ் தெரியாததால் வாயே திறப்பதில்லை. அவர்களோடு நிஜமாகவே பேச்சு தாமதமான பிள்ளை ஒன்று உட்கார்ந்திருந்தால் யாருக்கும் தெரியாது. "இந்திக்காரப் புள்ள மேடம், போகப் போகப் பேசிடும்" என்பார் டீச்சர்.

சிறப்பாசிரியராகிய நான் அங்கே பேச்சைக் கவனிப்பதில்லை. மொழி தெரியாத பிள்ளை விமானத்தை விரல் நீட்டிக் காட்டும். காட்டிவிட்டு, நாமும் பார்த்தோமா என்று நம் முகத்தைப் பார்க்கும். சொப்பில் சோறாக்கி ஆயாவுக்கு ஊட்டும். தாகமெடுத்தால் டம்ளரைத் தூக்கிக்கொண்டு வரும். இதெதுவும் இல்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பவில்லை என்றால் மொழிமேல் பழி போடக் கூடாது. முதலில் காதைச் சோதிக்க அனுப்ப வேண்டும். காது கேட்கவில்லை என்றால் தாமதிக்க முடியாது: முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளான்ட் (உள்காதில் பொருத்தும் கருவி) 6 வயதுக்குள்தான்.

2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறை வரும். டீச்சரோ அதே வயதுப் பிள்ளைகளின் நடுவே அந்தப் பிள்ளையைத் தினமும் பார்க்கிறார். அவர் கண்ணுக்குப் படுவது எந்த டாக்டருக்கும் படாது. ஆனால் சொல்ல அவருக்குப் பயம்: "சொன்னா நாளைலேருந்து புள்ளைய அனுப்ப மாட்டாங்க." நியாயமான பயம்தான். "அவங்கப்பனே நாலு வயசுலதான் பேசுனான்" என்று பாட்டி வேறு முடித்துவிடுவார். அதனால் குறைபாட்டின் பெயரைச் சொல்லவே வேண்டாம் என்பேன். "இங்க கூப்பிட்டா திரும்பல, வீட்ல எப்படிக்கா?" என்று கேட்டால் போதும், பல அம்மாக்கள் அதை எப்போதோ கவனித்திருப்பார்கள்.

அதற்குப் பிறகுதான் சிக்கல்: ஒரே பிள்ளைக்கு மூன்று துறைகள். அங்கன்வாடி சமூக நலத் துறையில், நான் பள்ளிக் கல்வியில், மருத்துவக் குழு சுகாதாரத் துறையில். பயிற்சிக்கு அனுப்பலாம் என்றால், முட்டுக்காட்டில் 2021இல் நல்ல ஆரம்பநிலைப் பயிற்சி மையம் திறந்தார்கள். ஆனால் இங்கிருந்து போய்வர ஒருநாள் கூலி போய்விடும். ஆகவே வீட்டிலேயே செய்யக்கூடியதைச் சொல்லித் தருகிறேன்: பிஸ்கட்டை முழுசாகக் கொடுக்காதீர்கள், பாதி கொடுத்துவிட்டு, பிள்ளை கையாலாவது கேட்கும்வரை காத்திருங்கள். அம்மாக்களுக்கு இந்தக் காத்திருப்புதான் கஷ்டம்.

அங்கன்வாடியில் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான வழிமுறையை 2023 நவம்பரில் ஒன்றிய அரசு வெளியிட்டது. எடை பார்த்து, முட்டை கொடுத்து, செல்போனில் பதிவேற்றி முடிக்கும் டீச்சர் அதை எப்போது படிப்பார்? பார்த்ததைத் தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள் என்று மட்டும் கேட்கிறேன். "எழுதி யார்கிட்ட மேடம் குடுக்கறது?" என்கிறார்கள். இப்போதைக்கு என் போன் நம்பரைத்தான் கொடுத்திருக்கிறேன்.