கிணற்றில் இடுமுன் பிரித்துப் பாருங்கள்

 

பழுதடைந்த திருக்குர்ஆன் பிரதிகளைக் கால்படாத இடத்தில் புதைப்பதும், கிணற்றிலோ ஆற்றிலோ இடுவதும் நம் முன்னோர் கற்றுத்தந்த மரியாதை. அந்த மரியாதையே நம்மையறியாமல் ஓர் இழப்புக்கும் வழியாகிவிடுவதைத் தங்கள் கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

திண்டுக்கல்லில் ஒரு வீட்டைப் புதுப்பித்தபோது, பரணில் கிடந்த அரபு எழுத்து ஏடுகளைச் சாக்கில் கட்டி எங்கள் மதரஸாவுக்கு அனுப்பினார்கள். "கிணற்றில் இட்டுவிடுங்கள், ஹஜ்ரத்" என்பது வேண்டுகோள். பிரித்துப் பார்த்தேன். மேலே இருந்தவை ஜுஸ்வுகள். அடியிலிருந்த தடித்த நூலைக் குர்ஆன் என்றெண்ணி மாணவன் ஒருவன் முத்தமிட்டான். எழுத்துக் கூட்டி ஓதியவன் திகைத்தான். ஓசை தமிழாக இருந்தது! தொழுகை, நோன்பு ஆகியவற்றின் சட்டங்களைக் கூறும் அரபுத்தமிழ் நூல் அது. ஓரத்தில் யாரோ ஒரு தாய் தம் மக்கள் பிறந்த நாள்களைக் குறித்திருந்தார்.

அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புள்ளிகளைக் கூட்டி அமைத்த எழுத்துமுறை அரபுத்தமிழ். பள்ளிக்கூடம் செல்லாத பாட்டிமார் பலர், குர்ஆன் ஓதக் கற்ற எழுத்தைக் கொண்டே மார்க்கத்தைத் தமிழில் பயின்றனர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) இயற்றிய 'மகானீ' இவ்வகையினதே. இன்று இதனைப் படிக்க வல்லவர்கள் முதியோரிலும் சிலரே.

யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. 1990இல் அவ்வூருக்கு இரயிலும் நின்றது, 2014இல்தான் திரும்பியது. அதற்கு முன்பே நூலகம் மீண்டும் எழுந்துவிட்டது; புதிய நூல்களும் வந்தன. ஆனால் ஒரே பிரதியாக இருந்த சுவடிகள் திரும்பவில்லை. அங்கே தீ செய்ததை இங்கே நம் கிணறுகள் செய்துவிடலாகாது.

காப்பதற்குப் பெருஞ்செல்வம் வேண்டுமென்பதில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். அவர் தனியொருவராகத் திரட்டிய ஏறத்தாழ ஒரு லட்சம் நூல்களும் இதழ்களும், 1992இல் அவர் மறைந்தபின், 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயின.

1875இல் இருப்புப்பாதை வந்த ஊர் எங்களூர். தோலும் புகையிலையும் வணிகம் செய்த குடும்பங்களின் பரண்களில் இன்னும் எத்தனை நூல்கள் உறங்குகின்றனவோ! எங்கள் முஹல்லாவில் நெடுநாள் பூட்டிக் கிடந்த வாசகசாலையை ஜமாஅத்தார் திறந்து தந்துள்ளனர். அந்தச் சாக்கில் வந்த நூலே அதன் அலமாரியில் முதலாவதாக அமர்ந்திருக்கிறது. வியாழன்தோறும் அஸருக்குப் பின் ஐந்து மாணவர்கள் அரபுத்தமிழ் படிக்கின்றனர்.

சகோதரிகளே! வீட்டைத் துப்புரவு செய்யும்போது பழைய ஏடுகளை உடனே அப்புறப்படுத்தாதீர்கள். ஓதத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். எந்தக் குடும்பத்தின் நூல் என எழுதி வையுங்கள். கொடுக்க மனமில்லையெனில், பக்கங்களைக் கைப்பேசியில் படமெடுக்கவேனும் இசையுங்கள்.

ஓதுமாறு பணித்த இறைச்செய்தியே முதலில் அருளப்பெற்ற சமுதாயம் நாம். நம் பாட்டிமார் ஓதியதை நம் பேரர்களும் ஓத வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.