நிற்பாட்டி வைத்த காரும் நிற்காமல் போன வானும்



போன மாதம் பண்டத்தரிப்புச் சந்திக்குக் கிட்ட என்னுடைய காரை ஒரு வான் இடித்துப்போட்டு நிற்காமல் போனது பலருக்குத் தெரியும். "என்ன சேர், ஆளைப் பிடிச்சாச்சோ?" என்று பள்ளிக்கூடக் கேற்றடியில் இருந்து தேத்தண்ணிக் கடை வரைக்கும் கேட்கிறீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி முடியாது. விஷயம் இப்போது முடிந்துவிட்டதால் முழுதாக எழுதுகிறேன். யாருடைய பெயரையும் போடவில்லை. தெரிந்தவர்களும் கீழே போட வேண்டாம்.

அன்றைக்குச் சோதனைத் தாள் போட்டோக்கொப்பி எடுக்கப் போனேன். காரை மதிலோரம், தார் றோட்டுக்கு வெளியே, வேப்பமரத்துக்குக் கீழே விட்டேன். இருபது நிமிடம்தான். திரும்பி வந்து பார்த்தால் வலது பக்கப் பின்கதவு உள்ளுக்கு அமுங்கி, பின் லைற் உடைந்து, பக்கக் கண்ணாடி றோட்டில் கிடக்கிறது. அமுங்கிய இடத்தில் வெள்ளைப் பெயின்ற் ஒட்டியிருந்தது. காருக்குள் யாரும் இல்லாதது அல்லாஹ்வின் அருள்.

அக்கம்பக்கத்தில் நாலைந்து பேர் நின்றார்கள். கேட்டால், "நான் உள்ளுக்கு நிண்டனான் சேர், சத்தம் மட்டும்தான் கேட்டது" என்றார் ஒருவர். "வெள்ளை வான் ஒண்டு போனது, நம்பரைக் கவனிக்கேல்லை" என்றார் இன்னொருவர். அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஊருக்குள் இருந்து பிழைக்க வேண்டியவர்கள், இன்னொருவரின் பிள்ளையைக் காட்டிக் கொடுத்த பெயர் வேண்டாம் என்று நினைக்கிறார்கள்.

கார் என்ன பெரிய கார்? 2011ஆம் ஆண்டு ஆல்டோ. ஆனால் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்ற பிறகு பழைய கார்கள் என்ன விலைக்குப் போயின என்பது உங்களுக்குத் தெரியும். 2025இல் இறக்குமதி திறந்து விட்டாலும், வரியோடு சேர்த்துப் பார்த்தால் ஆசிரியர் சம்பளத்தில் இன்னொரு கார் கனவுதான். உம்மாவைக் கிளினிக்குக் கொண்டுபோய் வருவதும் இதில்தான். கராஜில் ரிங்கரிங், பெயின்ற், லைற், கண்ணாடி எல்லாம் சேர்த்து 74,000 ரூபாய் என்றார்கள். என்னிடம் இருப்பது மூன்றாம் தரப்பு இன்சூரன்ஸ் மட்டும். அதில் என் காருக்கு ஒரு சதமும் கிடைக்காது.

முறைப்பாடு போடப் போகிறேன் என்றதும் இரண்டு விதமான ஆலோசனை வந்தது. நான் யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் பிறந்து, 1990 ஒக்டோபரில் குடும்பத்தோடு வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் படித்து, போர் முடிந்த பிறகு திரும்பி வந்தவன். இந்த ஊரில் படிப்பிக்கத் தொடங்கி ஆறு வருடம். நல்ல மனதோடு ஒரு ஐயா சொன்னார்: "சேர், நீங்கள் இஞ்ச தனி ஆள். பொலிசுக்குப் போனால் கதை வேற மாதிரித் திரும்பும். விட்டுடுங்கோ." அன்று இரவு என் சொந்தக்காரர் ஒருவர் ரெலிபோனில், "வேணுமெண்டுதான் இடிச்சிருப்பாங்கள்" என்றார்.

இரண்டு பேருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன். வேப்பமரத்துக்குக் கீழே நின்ற காருக்கு இனமும் இல்லை, மதமும் இல்லை. ஒருவர் இடித்தார், நிற்காமல் போனார். விஷயம் அவ்வளவுதான். அதை அவ்வளவிலேயே வைத்திருப்பதற்கு நல்ல வழி, முறைப்படி முறைப்பாடு போடுவது. வாயால் பரவ விட்டால்தான் அது வேறு மாதிரித் திரும்பும்.

ஒரு கடைக்காரர் தன்னுடைய கமராவைப் போட்டுக் காட்டினார். "நான் தந்ததெண்டு சொல்லாதேங்கோ சேர்" என்றார். ஒரு சங்கடமும் வராமல் பார்த்துக்கொண்டேன். எதிரே வந்த லொறிக்கு இடம் விட ஒதுங்கிய வான், என் காரில் உரசி, ஒரு கணம் நின்று, பிறகு வேகமாகப் போகிறது. அந்த ஒரு கணம் நின்றதை நான் இரண்டு மூன்று தரம் திருப்பிப் பார்த்தேன். நிற்கத்தான் அவன் முதலில் நினைத்திருக்கிறான்.

நம்பரோடு முறைப்பாடு போட்டு மூன்றாம் நாள், வான் உரிமையாளரும் சாரதியும் பொலிசுக்கு வந்தார்கள். சாரதிக்கு 24 வயது இருக்கும், கூலிக்கு ஓடுகிற பிள்ளை. ஏன் தம்பி நிற்கவில்லை என்று கேட்டேன். "சனம் வாறதைக் கண்டனான் சேர். இறங்கினால் அடிச்சுப் போடுவாங்களெண்டு பயந்திட்டன்" என்றான்.

பொய் சொல்கிறான் என்று எனக்குத் தோன்றவில்லை. விபத்து என்றதும் ஓடிவந்து முதல் வேலையாகச் சாரதியின் சேட்டைப் பிடிப்பவர்களை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். வகுப்பறையிலும் இதேதான். பக்கத்துப் பிள்ளையின் அடிமட்டத்தை உடைத்தவன் தானாக வந்து சொல்ல வேண்டுமென்றால், சொன்ன உடனே பிரம்பு வராது என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் புது அடிமட்டம் அவன் வாங்கிக் கொடுக்கத்தான் வேண்டும்.

இந்தியாவிலும் இதே பயத்தை வைத்து ஒரு பெரிய போராட்டம் நடந்தது. அங்கே 2023 டிசம்பரில் நிறைவேறிய புதிய தண்டனைச் சட்டத்தின் 106ஆம் பிரிவில், கவனக்குறைவாக ஓட்டி ஒருவரின் உயிரைப் போக்கிவிட்டு, பொலிசுக்கோ நீதவானுக்கோ அறிவிக்காமல் தப்பியோடினால் 10 வருடம் வரை சிறை என்று வைத்தார்கள். 2024 ஜனவரி தொடக்கத்தில் லொறிச் சாரதிகள் பல மாநிலங்களில் வேலையை நிறுத்தினார்கள். பெற்றோல் நிலையங்களில் வரிசை நீண்டது. அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று, "நின்றால் சனம் எங்களை அடித்தே கொன்றுவிடும்" என்பது. 2024 ஜூலை 1இல் அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்த உட்பிரிவை மட்டும் நிறுத்தி வைத்தார்கள். அது உயிர் போன விபத்துகளுக்கான சட்டம், என்னுடையது வெறும் தகரம். ஆனாலும் ஓட வைக்கிற பயம் ஒன்றுதான். இன்னொன்றையும் கவனியுங்கள். கூட்டத்துக்கு நடுவில் நின்று அடி வாங்கு என்று அந்தச் சட்டமும் சொல்லவில்லை. போய் அறிவி என்றுதான் சொல்கிறது.

எங்கள் நாட்டிலும் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் இருக்கிறது. விபத்து நடந்தால் சாரதி நிற்க வேண்டும், பெயர் விலாசம் கொடுக்க வேண்டும், பொலிசுக்கு அறிவிக்க வேண்டும். இடிபட்டது ஆள் இல்லாத கார் என்பதற்காக அது மாறாது.

இதில் எனக்கு மனவருத்தமான பகுதி ஒன்று உண்டு. அந்த வான் லீசிங்கில் எடுத்தது. லீசிங் வாகனத்துக்குக் கட்டாயம் முழு இன்சூரன்ஸ் இருக்கும். அன்றைக்கே நின்று இன்சூரன்ஸ்காரருக்கு ஒரு கோல் எடுத்திருந்தால், அவர்கள் வந்து படம் எடுத்து, என்னுடைய நட்டத்தையும் பார்த்திருப்பார்கள். அந்தப் பிள்ளையின் கைக்காசு போயிருக்காது. ஓடிப்போய் மூன்று நாள் கழித்து வந்தபடியால் அந்த வழி சிக்கலாகிவிட்டது.

பொலிசில் வைத்து, "சின்னப் பெடியன், மன்னிச்சு விடுங்கோ சேர்" என்று கேட்டார்கள். மன்னித்துவிட்டேன், கோபம் இல்லை. வழக்குக்குப் போகவும் இல்லை. ஆனால் காசு வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒருவருக்குச் செய்த நட்டத்தை அவரிடமே தீர்க்க வேண்டும், தொழுதும் நோன்பு பிடித்தும் அதைக் கழிக்க முடியாது என்றுதான் எங்கள் மார்க்கம் சொல்கிறது. கோவிலுக்கும் தேவாலயத்துக்கும் போகிற உங்களுக்கும் இது புதிதாக இருக்காது. முழுவதையும் பெடியனின் சம்பளத்தில் வெட்டப் போவதாக உரிமையாளர் சொன்னார். அதற்கு நான் சம்மதிக்கவில்லை. வானால் உழைப்பவர் அவரும்தானே? பாதி அவர், பாதி சாரதி மூன்று தவணையில் என்று எழுதிக் கையெழுத்து வைத்தோம். இந்தக் கிழமை கடைசித் தவணையைக் கொண்டுவந்து தந்துவிட்டான். தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போனான்.

இனி, பயன்படும் என்று நினைப்பதைச் சொல்கிறேன்.

வாகனம் ஓட்டுபவர்களுக்கு: நிற்பாட்டி வைத்த வாகனத்தில் தட்டுப்பட்டால் நில்லுங்கள். உரிமையாளர் இல்லாவிட்டால் பக்கத்துக் கடையில் கேளுங்கள். ஆளே இல்லையென்றால் பெயரையும் நம்பரையும் எழுதி வைப்பருக்குக் கீழே வையுங்கள். இன்சூரன்சுக்கு அந்த இடத்தில் இருந்தே கோல் எடுங்கள். சனத்தைப் பார்த்துப் பயம் என்றால் 119க்கு அடியுங்கள், இல்லாவிட்டால் நேரே பொலிசுக்குப் போங்கள். வீட்டுக்குப் போகாதீர்கள்.

இடிபட்டவர்களுக்கு: வாகனத்தை அசைக்க முதல் படம் எடுங்கள். உடைந்த துண்டுகளைப் பொறுக்கி வையுங்கள். கமரா இருக்கிற கடைகளில் அன்றைக்கே கேளுங்கள், நாள் போனால் பழைய பதிவு அழிந்துவிடும். முகநூலில் படம் போட்டு ஆளைத் தேட முதல் முறைப்பாட்டைப் போடுங்கள்.

பார்த்து நின்றவர்களுக்கு: நம்பரைக் குறித்துக் கொடுங்கள், கையை மட்டும் நீட்டாதீர்கள். அந்தக் கமராவைக் காட்டிய கடைக்காரர் இல்லையென்றால் இன்றைக்கும் நான் யாரோ ஒருவர் மேல் சந்தேகத்தோடு இந்த றோட்டால் போய்வந்துகொண்டிருப்பேன்.

உங்கள் வீட்டில் வான், ஓட்டோ, ஹயர் ஓடுகிற பிள்ளைகள் இருந்தால் இதை வாசித்துக் காட்டுங்கள்.

வஸ்ஸலாம்.