கேட்கிறது என்று சொன்னேன்

நான் பேஸ் கிட்டார் வாசிப்பவன். பைக் ராலி மேடைகளில் வாசிக்க ஊர் ஊராகப் போனவன். போன ஊருக்கெல்லாம் புல்லட்டை ஓட்டிக்கொண்டே போனவன். இந்த இரண்டு ஆசையும் சேர்ந்து என் செவித்திறனைக் குறைத்துவிட்டன. அதைவிடப் பெரிய தப்பு ஒன்று உண்டு. காது போகிறது என்று தெரிந்த பிறகும் அதை வெளியே சொல்லாமல் மறைத்தேன். கூட வாசித்தவர்களிடமும் வீட்டிலும் பொய் சொன்னேன். என்னைப் பார்த்து வாசிக்க வந்த ஒரு பையனுக்குக் கெட்ட புத்தி சொன்னேன். அதையெல்லாம் ஒப்புக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

நான் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. கோர்வைப் பட்டு நெய்யும்போது உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் தனித்தனி நாடா என்று மூன்று ஓடும். ஒருவரே எல்லாவற்றையும் தள்ள முடியாது; பக்கத்தில் துணைக்கு ஒரு ஆள் வேண்டும். சிறுவயதில் அப்பாவுக்கு அந்தத் துணை நான்தான். அவர் மிதியை அழுத்தும் சத்தத்தையும் பலகை அடிக்கும் சத்தத்தையும் கேட்டுக்கேட்டுத்தான் என் கை நகரும். பேஸ் வாசிப்பதும் அதே வேலை. கரைப்பக்கம் உட்கார்ந்திருப்பவனை யாரும் பார்ப்பதில்லை, ஆனால் அவன் கை ஒரு நொடி பிந்தினால் சேலையே கெட்டுப்போகும். டிரம்மரின் காலையும் கையையும் கேட்டு, அதனோடு ஒட்டி நிற்பவனே பேஸிஸ்ட். எனக்கு மேடை கிடைத்தது விரல் வேகத்தால் அல்ல, அந்தக் காதால்.

புல்லட் மோகம் எப்படி வந்தது என்று யோசிக்கவே வேண்டாம். 1955-ல் திருவொற்றியூரில் வேரூன்றிய ராயல் என்ஃபீல்டு, 2013-ல் ஒரகடத்திலும் 2017-ல் வல்லம் வடகாலிலும் ஆலை திறந்தது. இரண்டும் எங்கள் மாவட்டத்தில்தான். தறியை விட்டுவிட்டு அந்தப் பக்கத்துக் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போனவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. கோவாவில் ரைடர் மேனியா என்ற பெயரில் நடந்து, 2023 முதல் மோட்டோவெர்ஸ் ஆன திருவிழாவிலும், 2013-ல் தொடங்கிய இந்தியா பைக் வீக்கிலும் பகலெல்லாம் பைக், இரவெல்லாம் பாட்டு. அந்த மாதிரியே ரைடர் கிளப்புகள் ஆங்காங்கே சின்ன அளவில் கூடல் நடத்துவார்கள். அவைதான் எங்கள் பேண்டின் மேடைகள்.

பேஸையும் புல்லட்டையும் ஒன்றாக நேசிப்பவர்களுக்கு ஒரு காரணம் இருக்கிறது. பேஸ் கிட்டாரின் நான்கு கம்பிகளில் தடித்த ஈ கம்பி நொடிக்குச் சுமார் 41 முறை அதிரும். புல்லட்டுக்கு ஒரே சிலிண்டர். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கும். நிமிடத்துக்கு 5,000 சுற்றில் ஓடும்போது நொடிக்கு 41, 42 வெடிப்பு வரும். அதாவது இன்ஜின் அப்போது என் ஈ கம்பியின் சுருதியைத்தான் பாடுகிறது. இருக்கைக்கு அடியில் அந்த அதிர்வை உணர்ந்துகொண்டு போய், இரவில் அதையே ஸ்பீக்கர் வழியாகக் கூட்டத்தின் நெஞ்சில் ஏற்றுவது பெரிய இன்பம். இன்றும் அதை நான் பழிக்க மாட்டேன்.

பழிக்க வேண்டியது என் அலட்சியத்தை. பைக்கில் காதைக் கெடுப்பது இன்ஜின் சத்தம் என்று பலர் நினைக்கிறார்கள். வேகம் ஏறினால் இன்ஜினை விடக் காற்றின் இரைச்சலே பெரிது. ஹெல்மெட்டின் கீழ்விளிம்பைச் சுற்றிச் சுழலும் காற்று உள்ளேதான் முழங்கும். ஹெல்மெட் தலையைக் காக்கும், காதைக் காக்காது. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் அந்த இரைச்சல் 100 டெசிபலை ஒட்டி வந்துவிடும். 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளில் எட்டு மணி நேரம் வரை காது தாங்கும் என்பது நியோஷ் என்ற அமெரிக்கத் தொழில்நல நிறுவனத்தின் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். நானோ வாலாஜாபேட்டை, வேலூர், ஆம்பூர், கிருஷ்ணகிரி என்று பெங்களூரு நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் காதில் ஒன்றும் வைக்காமல் போவேன்.

இறங்கியதும் காது அடைத்தாற்போல் இருக்கும். களைத்த காது அப்படித்தான் மந்தமாகும். அமைதியில் சில மணி நேரம் ஓய்வு கொடுத்தால் பெருமளவு தேறும். நான் ஓய்வு கொடுக்கவில்லை. அதே மாலை மேடையேறுவேன். காது மந்தமாக இருப்பதால் சவுண்ட் செக்கில் எதுவும் போதவில்லை என்று தோன்றும். மானிட்டரை ஏற்றச் சொல்வேன், ஆம்ப்பையும் ஏற்றுவேன். மறுநாள் விடியலில் மறுபடி நெடுஞ்சாலை. ரைடும் கச்சேரியும் தனித்தனியாகச் செய்யும் கேட்டைவிட, இடைவெளியில்லாமல் ஒன்றன்பின் ஒன்றாக வந்து செய்த கேடு அதிகம்.

'நான் வாசிப்பது அடிச்சுருதி. காது போனாலும் உச்சத்தில்தானே போகும், எனக்கு என்ன?' என்று நானே ஒரு சமாதானம் வைத்திருந்தேன். பாதி உண்மை என்பதால் அது என்னை நீண்டநாள் ஏமாற்றியது. இரைச்சலால் வரும் பாதிப்பு பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில்தான் தொடங்கும். என் ஈ கம்பி எனக்கு நன்றாகவே கேட்டது. கேட்காமல் போனது ஹை ஹேட்டின் கூர்மை, ஸ்னேரின் விளிம்பு, கம்பியை விரல் தொடும் கணத்தின் சின்னச் சத்தம். டிரம்மரோடு நேரத்தைப் பிடித்து நிற்பது அந்தச் சத்தங்களால்தான். நான் பிந்தத் தொடங்கினேன். பேச்சிலும் மெய்யெழுத்துகள் மழுங்கின. கூட்டம் பேசும் இடத்தில் யார் என்ன சொன்னாலும் தலையாட்டக் கற்றுக்கொண்டேன்.

பிந்துகிறேன் என்று டிரம்மர் முதலில் தன்மையாகச் சொன்னார். "மானிட்டர் சரியில்லை" என்றேன். அடுத்த ஊரில் சவுண்ட் ஆள் மேல் பழி போட்டேன். அதற்கும் அடுத்து டிரம்மரையே குறை சொன்னேன். அவர் வேகம் ஏற்றுகிறார் என்று மற்றவர்கள் முன்னால் பேசினேன். அவர் கொஞ்சகாலம் தன்மேலேயே சந்தேகப்பட்டார். நல்ல கலைஞர் ஒருவரைத் தன் கையையே நம்பாமல் ஆக்கியது என் பொய். இதற்கு அவரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். இங்கேயும் கேட்கிறேன்.

செவித்திறன் பரிசோதனை செய்துகொண்டபோது ஆடியோகிராமில் 4,000 ஹெர்ட்ஸ் இடத்தில் கோடு பள்ளமாக இறங்கியிருந்தது. இரைச்சல் தின்ற காதுக்கு அதுதான் அடையாளம். உட்செவியில் ஒரு காதுக்குச் சுமார் 15,000 மயிர்ச்செல்கள் இருக்கின்றன. செத்தவை மனிதர்களுக்கு மறுபடி முளைப்பதில்லை. அந்தத் தாளை மடித்துக் கிட்டார் பையின் அடிப்பையில் வைத்தேன். "என்னடா சொன்னாங்க?" என்று அம்மா கேட்டபோது, "அழுக்குதாம்மா, எடுத்துட்டாங்க, நல்லாக் கேக்குது" என்றேன்.

வீட்டுக்கு நான் செய்த தொல்லை இன்னொன்று. கம்பெனி சைலன்சரைக் கழற்றிவிட்டுச் சத்தமான ஒன்றை மாட்டியிருந்தேன். 175 சி.சி.க்கு மேற்பட்ட பைக் தயாராகும்போது 80 டெசிபலைத் தாண்டக்கூடாது என்பது விதி; சைலன்சரை மாற்றிச் சத்தத்தைக் கூட்டுவது மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம். நெருக்கியடித்து வீடுகள் நிற்கும் தெருவில், கைக்குழந்தையும் வயதானவர்களும் தறிக்குழியில் காலை வைத்து நெய்பவர்களும் இருக்கும் தெருவில், அதிகாலையில் அதை முறுக்கிக்கொண்டு போனேன். "தெருவே அதிருதுடா, பாவுல கண்ணு நிக்கல" என்று அப்பா சொல்லியும் மாற்றவில்லை. எனக்குச் சத்தம் குறைவாகக் கேட்டதால், எல்லோருக்கும் அப்படித்தான் கேட்கும் என்று நடந்துகொண்டேன்.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது அந்தப் பையன். பேஸ் கற்றுக்கொள்ள வந்தவன், எங்களோடு ரைடும் வருவான். ஒரு கூடலில் காதில் ஸ்பாஞ்சு அடைப்பான் வைத்துக்கொண்டு மேடையோரம் நின்றான். "என்னடா இது, பேஸை உடம்பால கேக்கணும்டா, எடு" என்று நானே பிடுங்கிப் போட்டேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் மறுபடி வைக்கவில்லை. பிறகு ஒருநாள், "அண்ணா, ராத்திரியில காதுக்குள்ள ஏதோ கத்துது, உங்களுக்கும் அப்படி இருக்குமா?" என்று கேட்டான். அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை. "ரெண்டு நாள்ல போயிடும்" என்றேன். எனக்குப் போகவில்லை என்பதும், பல ஆண்டுகளாக அந்த விசில் நிற்கவே இல்லை என்பதும் தெரிந்தே சொன்னேன்.

'தி ஹூ' குழுவின் பேஸிஸ்ட் ஜான் என்ட்விசில் கதை எனக்குத் தெரியாதது அல்ல. 1976-ல் லண்டன் சார்ல்டனில் 126 டெசிபலில் வாசித்து, உலகிலேயே சத்தமான குழு என்று கின்னஸில் இடம்பிடித்தவர்கள் அவர்கள். கடைசிக் காலத்தில் என்ட்விசிலின் செவித்திறன் பெருமளவு போயிருந்தது. கின்னஸும் காதுக்குக் கேடு என்று அந்தப் பிரிவையே பின்னர் நிறுத்திவிட்டது. இதையெல்லாம் படித்துவிட்டு அந்த 126-ஐ மட்டும் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்.

இப்போது கம்பெனி சைலன்சரை மாட்டிவிட்டேன். ரைடில் ஸ்பாஞ்சு அடைப்பானும், மேடையில் எல்லாச் சுருதியையும் சமமாகக் குறைக்கும் இசைக்கலைஞர் அடைப்பானும் வைக்கிறேன். கச்சேரிக்கு முந்தின நாளே ஊர் போய்ச் சேர்ந்து, இரவு காதுக்கு ஓய்வு தருகிறேன். ஆடியோகிராம் தாளை அம்மாவிடமும் பேண்டிடமும் காட்டினேன். எந்தச் சத்தம் எனக்குக் கேட்காது என்று டிரம்மருக்குத் தெரியும். அவர் கையைப் பார்த்து வாசிக்கிறேன். அந்தப் பையனை அழைத்துப் போய்ப் பரிசோதனை செய்யவைத்தேன், அவனிடம் சொன்ன பொய்யையும் ஒப்புக்கொண்டேன். அவனுக்குப் பாதிப்பு தொடக்கத்தில்தான் இருக்கிறது. இனி அது கூடாமல் பார்த்துக்கொள்ளலாம். போனதை நான் திருப்பிக் கொடுக்க முடியாது.

பைக்கும் பேஸுமாகத் திரியும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் சொல்கிறேன்: சில ரூபாய்க்குக் கிடைக்கிற அடைப்பானைச் சாவிக்கொத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். வைத்துக்கொள்பவரைக் கேலி செய்கிற மூத்தவர் யாராவது இருந்தால், அவர் காது எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். என்னிடம் யாராவது அப்படிக் கேட்டிருந்தால் முதல்முறை பொய்தான் சொல்லியிருப்பேன். ஆனாலும் கேளுங்கள்.